ஓவியர் வரைந்த சட்டையில் எதைப் பார்க்க வேண்டும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "இயற்கையைப் பார்த்து ஓவியர் வடிவமைத்த சட்டை என்று போட்டு விற்கிறார்கள். சாதாரணப் பூப்போட்ட சட்டைக்கும் அதற்கும் நிஜமாகவே வித்தியாசம் உண்டா? துவைத்தால் நிலைக்குமா? நான் வரைந்து வைத்திருக்கும் இலை, பறவைப் படங்களை நானே சட்டையாக்க முடியுமா?"

வித்தியாசம் உண்டு. அட்டையில் எழுதியிருப்பதை விட்டுவிட்டுத் துணியைப் பாருங்கள், தெரிந்துவிடும். துணி அச்சுக்கு டிசைன் தயார் செய்கிறவன் என்ற முறையில் நான் தேடுவது இரண்டே விஷயம். வரைந்தவர் அந்த உயிரை நேரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாரா என்பது ஒன்று. இந்தப் படம் வெட்டப்படும், தைக்கப்படும், ஓர் உடம்பின் மேல் ஏறி நடமாடும், திரும்பத் திரும்பத் துவைக்கப்படும் என்பதை மனதில் வைத்து வரைந்திருக்கிறாரா என்பது இன்னொன்று. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத சட்டைகள் நிறைய வருகின்றன. சட்டமிட்டு மாட்ட வேண்டிய நல்ல ஓவியத்தைத் தூக்கி நெஞ்சில் ஒட்டிவிடுகிறார்கள். அவை எனக்கு மனவருத்தம் தருகிற சட்டைகள், ஏனென்றால் உழைப்பு அதில் இருக்கிறது.

முதலில் பார்வையைப் பற்றிச் சொல்கிறேன். பட்டாம்பூச்சி போட்ட சட்டை கையில் கிடைத்தால் சிறகுகளைக் கவனியுங்கள். முன்சிறகின் கீழ்விளிம்பு உடம்புக்கு நேர் செங்குத்தாக, இரண்டு பக்கமும் ஒரே கோடாக நீட்டிக்கொண்டிருக்கிறதா? அது அருங்காட்சியகப் பெட்டியில் ஊசி குத்தி விரித்து வைத்த பூச்சி. பின்சிறகின் வடிவம் முழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முன்சிறகை மேலே இழுத்து அப்படிக் காயவைப்பார்கள். உயிரோடு ஒரு பூவின் மேல் சிறகை விரித்து உட்காரும் பட்டாம்பூச்சியின் முன்சிறகு பின்னோக்கிச் சரிந்து, பின்சிறகில் ஒரு பகுதியை மூடிக்கொண்டிருக்கும். தோட்டத்தில் பார்த்து வரைந்தவருக்கு இது தானாக வந்துவிடும். புத்தகத்தைப் பார்த்து வரைந்தவருக்கு வராது. இவ்வளவு சின்ன விஷயம், ஆனால் ஒரு சட்டை முழுக்க செத்த பூச்சிகள் பரவிக் கிடக்கின்றனவா, பூச்சிகள் பறந்து திரிகின்றனவா என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

தட்டானும் அப்படித்தான். நான்கு சிறகையும் ஒரே அளவாக, ஒரே வடிவமாகப் போட்டிருந்தால் வரைந்தவர் அதை அருகில் பார்க்கவில்லை. தட்டானின் பின்சிறகு உடம்போடு சேருமிடத்தில் முன்சிறகைவிட அகலமாக இருக்கும். சிறகின் நுனிக்குக் கொஞ்சம் முன்னால், முன்விளிம்பில், ஒரு சிறிய கறுத்த கட்டம் இருக்கும். ஆறு கால்களும் தலைக்குப் பின்னாலேயே நெருக்கமாக, முன்பக்கம் கூடை மாதிரி குவிந்திருக்கும். உட்காரும்போது அது சிறகை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை சிறகை மடித்து முதுகோடு சேர்த்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஓர் ஓவியர் வரைந்த சட்டை ஒன்றில் தட்டானின் ஒரு சிறகு நுனி கிழிந்திருந்தது. அச்சில் ஏதோ குறை என்று முதலில் நினைத்தேன். கூர்ந்து பார்த்தால், நரம்புக் கோடுகள் அந்தக் கிழிசலின் ஓரம் வரை ஓடி, அங்கே பிசிறிட்டு நின்றிருந்தன. அது அவர் பார்த்த தட்டான். அப்புறம் அந்தச் சட்டையை விட எனக்கு மனமே வரவில்லை.

இலைகளிலும் இதையே தேடலாம். வெளியில் நிற்கும் எந்தச் செடியிலும் பூச்சி கடிக்காத இலை குறைவு. ஓரத்தில் அரைவட்டக் கடி, நடுவில் துளை, தோலுக்குள்ளேயே புழு தின்றுபோன வெளிறிய வளைகோடு, இவையெல்லாம் இருக்கும். இவற்றில் ஒன்றிரண்டாவது உள்ள டிசைன் கண்ணுக்கு உடனே உயிரோடு தெரிகிறது. பறவை என்றால் காலைப் பாருங்கள். கிளையில் அமரும் பெரும்பாலான சின்னப் பறவைகளுக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கிளிக்கும் மரங்கொத்திக்கும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கிளிக்கு முன்னால் மூன்று விரல் போட்ட சட்டைகள் ஏராளம். கணினி தானாக உருவாக்கித் தரும் படங்கள் வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. தூரத்தில் பார்த்தால் பிரமாதமாக இருக்கும், கிட்டே போனால் இலைக் காம்பு எந்தக் கிளையிலும் சேராமல் அந்தரத்தில் தொங்கும், வண்டுக்கு ஏழு கால் இருக்கும். சந்தேகம் வந்தால் சேருமிடங்களைப் பாருங்கள்: காம்பு கிளையோடு, கால் உடம்போடு, இதழ் பூவின் அடியோடு. அங்கேதான் தெரியாமல் வரைந்தது மாட்டிக்கொள்ளும்.

கண்ணாடியில் பார்ப்பதுபோல் படத்தைத் திருப்பிவிடுவது இன்னொரு விஷயம். டிசைன் இரண்டு பக்கமும் ஒரேபோல் இருக்க வேண்டும் என்று பாதியை வரைந்து மறுபாதியைத் திருப்பி ஒட்டுவது தினமும் நடக்கிற வேலை. இலைக்கும் பறவைக்கும் பிரச்சினை இல்லை. நத்தை, சங்கு ஓடுகளுக்குத்தான் பிரச்சினை. பெரும்பாலான இனங்களில், நுனி மேலேயும் வாய் நம்மைப் பார்த்தும் இருக்கும்படி பிடித்தால் வாய் வலது பக்கம் வரும். திருப்பி ஒட்டினால் இடது பக்கம் போய்விடும், அப்படி ஒரு சங்கு கடலில் கிடைப்பதே அபூர்வம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650-இல் ஒரு கூம்புச் சங்கைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். தகட்டில் உள்ளது தாளில் இடவலம் மாறித் திரும்பும் என்று கையெழுத்தை மட்டும் திருப்பிச் செதுக்கியிருக்கிறார். சங்கை அப்படியே பார்த்தபடி செதுக்கிவிட்டார். அதனால் அச்சில் சங்கின் சுருள் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. இருந்தும் அந்தச் சங்கின் பளபளப்பும் புள்ளிகளும் கையில் எடுத்துப் பார்க்கத் தூண்டுகின்றன. ஆகவே இந்த ஒரு குறைக்காக மட்டும் சட்டையை ஒதுக்காதீர்கள் என்றே நான் சொல்வேன். ஏழு கால் வண்டு வேறு வகை.

பார்த்து வரைவதும் துணிக்காக வரைவதும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் துணி வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸைத்தான் எப்போதும் காட்டுவேன். கெல்ம்ஸ்காட்டில் அவர் வீட்டுத் தோட்டத்துக்குப் பாட்டுக்குருவிகள் வந்து ஸ்ட்ராபெர்ரிப் பழங்களைத் திருடிப் போகும். அதைப் பார்த்து 1883-இல் 'ஸ்ட்ராபெர்ரி திருடன்' என்ற துணி டிசைனைச் செய்தார். பறவைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்கின்றன, ஆனால் அலகைத் திறந்து பாடும் பறவையும், வாயில் பழத்தோடு நிற்கும் பறவையும் வெவ்வேறு வரிசையில் வருகின்றன. அதனால் ஒழுங்கு இருக்கிறது, சலிப்பு இல்லை. லண்டனுக்குப் பக்கத்தில் மெர்ட்டன் ஆபியில் இருந்த பட்டறையில் அதை அச்சிட்டார்கள். முதலில் துணி முழுவதையும் அவுரி நீலத்தில் முக்கியெடுத்து, அப்புறம் மர அச்சால் வெளுக்கும் பசையை ஒற்றி, வேண்டிய இடங்களில் மட்டும் நீலத்தை எடுத்துவிடுவது அந்த முறை. பிறகு அந்த வெள்ளை இடங்களில் சிவப்பும் மஞ்சளும் ஏற்றினார்கள். ஒரு துணி முடியப் பல நாள் ஆகும். நீலம் நூலுக்குள் ஊறிய சாயம், மேலே பூசிய பூச்சு கிடையாது. அந்த ஆழம் வேறு வழியில் வருவதில்லை.

பிரெஞ்சு ஓவியர் ரவுல் டூஃபியும் 1912 முதல் 1928 வரை லியோன் நகரத்துப் பியான்கினி-ஃபெரியே நிறுவனத்துக்குப் பூ, விலங்கு, பறவை என்று துணி டிசைன்கள் செய்தார். மரத்தில் செதுக்கிப் பழகிய கை அவருடையது. தடித்த கோடு, குறைந்த நிறம், நடுவில் துணிச்சலாக விட்ட வெற்றிடம். தூரிகையில் வரும் மெல்லிய நிழல்களை நம்பாமல், துணியில் நிற்கக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டார். சட்டைக்கு வரைய நினைக்கும் எந்த ஓவியரும் அவருடைய துணிகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

துணிக்காக வரைவது என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்குகிறேன். சட்டை முழுக்கப் படம் வர வேண்டுமென்றால் ஒரு கட்டம் திரும்பத் திரும்ப வரும். இதை ரிப்பீட் என்பார்கள். உருளை ஸ்க்ரீனில், அதாவது நுண்துளைகள் வழியாக மை இறங்கும் உருளையில், ஓடும் துணிக்கு அந்த உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்டிமீட்டர். கட்டத்தின் உயரம் 64, 32, 16 என்று அதற்குள் மிச்சமில்லாமல் அடங்க வேண்டும். கட்டங்களை நேருக்கு நேர் அடுக்கினால், ஒரே பறவை ஒரே வரிசையில் சிப்பாய் மாதிரி நிற்பது கண்ணில் பட்டுவிடும். பக்கத்து வரிசையைப் பாதிக் கட்டம் கீழே இறக்கினால் அது மறையும். பூக்களுக்கிடையில் விட்ட இடைவெளிகள் சேர்ந்து குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாக ஓடுவதும் உண்டு. சட்டையை இரண்டு எட்டு தள்ளி வைத்து, கண்ணை இடுக்கிப் பாருங்கள். பூக்கள் மறைந்து கோடுகள் மட்டும் தெரிந்தால் டிசைன் சரியாக முடிக்கப்படவில்லை.

அப்புறம் வெட்டு. பட்டன் பட்டி சரியாக நாரையின் முகத்தில் விழுந்தால், எவ்வளவு நல்ல நாரையாக இருந்தும் பயனில்லை. கவனமாகச் செய்த சட்டையில் பட்டன் போட்டதும் இடது பக்கக் கிளை வலது பக்கக் கிளையோடு போய்ச் சேரும். பாக்கெட் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் பாக்கெட்டில் உள்ள இலையின் பாதி சட்டையில் உள்ள மீதிப் பாதியோடு பிசகாமல் பொருந்தியிருக்கும். இப்படிப் பொருத்த வெட்டும்போது துணி கூடுதலாக வீணாகும், வெட்டுபவருக்கு நேரமும் பிடிக்கும். அதனால்தான் அவசரத்தில் செய்கிற சட்டைகளில் முதலில் விட்டுப்போவது இது. கடையில் நின்று பத்து விநாடியில் பார்க்கக்கூடிய ஒரே சோதனை வேண்டுமென்றால் பாக்கெட்டைப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மீன்கொத்தியின் நீலம், மயில் தோகையின் பச்சை, மார்ஃபோ பட்டாம்பூச்சியின் மினுக்கு, இவை சாயத்தால் வரும் நிறங்கள் அல்ல. இறகிலும் செதிலிலும் உள்ள மிக நுண்ணிய அமைப்புகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருபவை. எந்த மையை எடுத்தாலும் துணியில் அதை அப்படியே கொண்டுவர முடியாது. மினுமினுக்கும் மையைப் பூசிச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு, அது இரண்டு துவைப்பில் சுரண்டிப் போட்டது போலாகிவிடும். தெரிந்த ஓவியர் வேறு வழி போவார். நீலத்தைச் சுற்றிக் கருமையை வைப்பார், பக்கத்தில் மங்கிய ஆரஞ்சை வைப்பார், நீலம் தானாக எரியும். மீன்கொத்தியின் வயிற்றிலேயே அந்த ஆரஞ்சு இருக்கிறதே, வழியை அதுவே காட்டிக்கொண்டு நிற்கிறது.

சரி, துவைத்தால் நிலைக்குமா? அது எந்த முறையில் அச்சிட்டது என்பதைப் பொறுத்தது. விரலால் தடவிப் பாருங்கள். படம் துணிக்கு மேலே ரப்பர் படலம் மாதிரி தனியாக நின்றால் அது பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மையாகவோ, பிலிமில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டிய டிடிஎஃப் ஆகவோ இருக்கும். பிளாஸ்டிசாலை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் முழுதாகச் சுட்டால் நன்றாகவே உழைக்கும். சூடு போதாமல் எடுத்தால் சில துவைப்பிலேயே வெடிக்கும். இலேசாக இழுத்துப் பார்த்தால் விரிசல் தெரிந்துவிடும். மேலே இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், உருகி ஒட்டும். இந்த இரண்டிலும் எனக்குள்ள மனக்குறை வேறு: பெரிய படமாக இருந்தால் நெஞ்சில் காற்றே போகாது. இலையும் காடும் வரைந்த சட்டைக்குள் வியர்த்துக்கொண்டு நிற்பது அநியாயம்.

வாட்டர்பேஸ், அதாவது தண்ணீரில் கரைத்த மை, நூலுக்குள் இறங்கிவிடும். தடவினால் துணி மட்டும்தான் கையில் தெரியும். நிறம் காலப்போக்கில் கொஞ்சம் மங்கும், ஆனால் துணியோடு சேர்ந்து அழகாக மங்கும். கருமையான பருத்தித் துணிக்கு டிஸ்சார்ஜ் முறை உண்டு, அதில் துணியின் சாயத்தை எடுத்துவிட்டுப் படத்தைக் கொண்டுவருகிறார்கள். வேலை செய்யும் தத்துவம் மோரிஸின் பட்டறையில் நடந்ததற்கு உறவுதான். புதிதில் ஒரு நெடி இருக்கும், ஒருமுறை துவைத்துவிட்டுப் போடுங்கள். இயற்கை ஓவியங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இவை இரண்டையும்தான். நேரடியாகத் துணியிலேயே அச்சிடும் டிடிஜி இயந்திரம் வாட்டர்கலர் போன்ற மெல்லிய நிழல்களுக்கு நன்று. வெளிர்நிறப் பருத்தியில் மிருதுவாக இருக்கும். கருமையான துணியில் அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு போட வேண்டியிருப்பதால் கனமாகும்.

சப்ளிமேஷன் பாலியெஸ்டருக்கு மட்டும். தாளில் அச்சிட்ட சாயம் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஆவியாகி இழைக்குள் புகுந்துகொள்ளும். நிறம் சாமானியத்தில் போகாது. ஆனால் தைத்து முடித்த சட்டையின் மேல் இதைச் செய்தால், மடிப்பு விழுந்த இடத்துக்கு ஆவி எட்டாது. அக்குளிலும் தையல் ஓரத்திலும் வெள்ளைக் கீறல்கள் நிற்கும். வாங்கும் முன் கையைத் தூக்கி அக்குளைப் பாருங்கள். துணியை அச்சிட்டு அதற்குப் பிறகு வெட்டித் தைத்திருந்தால் இந்தக் குறை இருக்காது.

செடியை நேராகத் துணியில் பதிக்கும் சட்டைகள் தனி இனம். இரும்பு உப்புக் கரைசல்களைத் துணியில் பூசி இருட்டில் காயவைத்து, மேலே இலையை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் இலை வெள்ளையாகவும் சுற்றிலும் ஆழ்ந்த நீலமாகவும் நிற்கும். சயனோடைப் என்ற இந்த முறையை ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளைத் தாளில் வைத்து இதே முறையில் பதிவு செய்யத் தொடங்கினார். அவருடைய பாசிகளின் நூல் போன்ற இழைகளைப் பார்த்தால், இதற்கு ஏன் இன்னமும் ஓவியர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று புரியும். அப்படிப்பட்ட சட்டையைச் சோடா கலந்த சலவைத்தூளில் போட்டால் நீலம் பழுப்பாகி அழிந்துபோகும். ப்ளீச் கூடவே கூடாது. காரமில்லாத மென்மையான திரவத்தில், குளிர்ந்த நீரில், கையால் அலசுங்கள். வெயிலில் கொஞ்சம் வெளுத்தால் சில நாள் இருட்டு அலமாரியில் வைத்தால் ஓரளவு திரும்பி வரும். பச்சை இலையைத் துணியில் வைத்துச் சுத்தியலால் தட்டி எடுக்கும் பதிவும் அழகாக இருக்கும், ஆனால் அந்தப் பச்சை நிற்காது, பழுப்பாகிவிடும். அதைத் தெரிந்து வாங்குங்கள்.

ஓவியர் யார் என்றும் கேளுங்கள். ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1899 முதல் 1904 வரை வெளியிட்ட நூறு படப் பக்கங்களில் இருக்கும் கடல்சாமந்திகளும் ஜெல்லிமீன்களும் இன்று எத்தனையோ சட்டைகளில் மிதக்கின்றன. அவர் இறந்தது 1919-இல், பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, யாரும் பயன்படுத்தலாம். அவர் பெயரைச் சொல்லி விற்றால் எனக்கும் பிடிக்கும். பெயரை மறைத்து "எங்கள் ஓவியர்" என்று விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. இன்று உயிரோடு இருக்கும் ஓவியர் என்றால், சட்டையில் எங்காவது அவர் பெயர் இருக்க வேண்டும், விற்கும் ஒவ்வொன்றுக்கும் அவருக்குப் பங்கு போகிறதா என்று கேட்டால் விற்பவர் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் படங்களுக்கு வருகிறேன். கட்டாயம் சட்டையாக்கலாம். முதல் சட்டைக்கு ஒரே நிறம் போதும். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன் வேண்டும், நிறம் கூடக் கூடச் செலவும் பிசகும் கூடும். உங்கள் ஓவியங்களில் கோடு வலுவாக உள்ள ஒன்றை எடுத்து, மெல்லிய நிழல்களையெல்லாம் நீக்கிவிட்டுத் திரும்ப வரையுங்கள். மிகச் சன்னமான கோடுகள் ஸ்க்ரீனில் அடைத்துக்கொள்ளும், இலை நரம்புகளில் முக்கியமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கொஞ்சம் தடிமனாக்குங்கள். படத்தை அச்சாகப் போகும் அளவிலேயே தாளில் எடுத்து, வெட்டி, பழைய சட்டை ஒன்றில் ஊசியால் குத்தி, போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். நெஞ்சில் நடுவாக வைத்தது பெரும்பாலும் வயிற்றுக்கு இறங்கித் தெரியும், நீங்கள் நினைப்பதைவிட மேலே ஏற்ற வேண்டியிருக்கும். தோளிலிருந்து கீழே தொங்கும் கொடியாகவோ, பட்டன் பட்டியை விட்டு விலகி ஒரு பக்கமாக ஏறும் தண்டாகவோ நகர்த்திப் பாருங்கள். உட்கார்ந்து பாருங்கள், கையைத் தூக்கிப் பாருங்கள்.

துணிக்கு 150 முதல் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரையுள்ள முழுப் பருத்தி டி-சர்ட் நல்ல தொடக்கம். மிக மெல்லிய துணியில் மை பின்பக்கம் கசியும். அச்சிடுபவரிடம் ஒரே ஒரு மாதிரி அடித்துத் தரச் சொல்லுங்கள். அதை உள்பக்கம் வெளியே திருப்பி, நீங்கள் வழக்கமாகத் துவைக்கிறபடியே ஐந்தாறு தடவை துவைத்து, ஈரமான வெள்ளைத் துணியால் அச்சின் மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் நிறம் இறங்கினால் மை சரியாகச் சூடேறவில்லை என்று அர்த்தம். திரும்பக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள், மீதியை அதற்குப் பிறகு அடிக்கலாம்.